ஒலியிற் பிறந்த சொற்களை ஒதுக்கலாமோ?



மொழியின் செல்வம் யாதென வினவினால், இலக்கியத்தையும் இலக்கணத்தையும் கலைச்சொற்களையும் அடுக்கிக் காட்டுவோர் பலர். நாடோறும் கோடிக்கணக்கான தமிழ்வாய்களிற் புழங்கியும், ஏட்டில் ஏறாமல் வாயிலிலேயே நின்றுகொண்டிருக்கும் ஒரு பெருஞ்செல்வத்தைச் சுட்டுவோர் மிகச் சிலரே. "மழை சடசடவெனத் தொடங்கிச் சோவெனக் கொட்டியது" என்கிறான் உழவன். "உலை தளதளவெனக் கொதிக்கிறது" என்கிறாள் அவன் இல்லாள். "பானையைத் தட்டிப் பார், கணீரென்றால் வாங்கு, பொத்தென்றால் விட்டுவிடு" என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் பாட்டி. இம் மூவரும் இச்சொற்களை எந்தப் பள்ளியிலும் கற்றிலர். எந்த அகரமுதலியையும் புரட்டிலர். ஆயினும் மூவர் கூற்றிலும் ஒரு சொல்லேனும் பிழைபட்டதில்லை. இவற்றைத்தான் நாம் ஒலிக்குறிப்புச் சொற்கள் என்கிறோம்.

இச்சொற்களுக்குக் கற்றோர் அவையில் இன்று கிடைக்கும் மதிப்பு என்ன? 'குழந்தைப் பேச்சு', 'கொச்சை', 'கட்டுரைக்கு ஆகாதவை' என்னும் பட்டங்களே. மாணவன் தன் கட்டுரையில் 'ஓடை சலசலத்தது' என்றெழுதினால், ஆசிரியர் அதனை அடித்துவிட்டு 'ஓடை ஓசையுடன் ஓடியது' என்று திருத்துகிறார். ஒரு சொல்லால் நீரின் ஓட்டத்தையும் ஆழமின்மையையும் அடியிற் கிடக்கும் கூழாங்கற்களையும் காட்டிய தொடர், திருத்தப்பட்ட பின்னர் ஒன்றையும் காட்டாத வெறுந்தொடராகிவிடுகிறது. திருத்தியவர் வேற்றவர் அல்லர், தமிழாசிரியரே. இந்த நிலையைப் பற்றித்தான் இத்திங்கள் எழுத வேண்டியுள்ளது.

முதற்கண், இச்சொற்கள் இலக்கணத்திற்குப் புறம்பானவை என்னும் எண்ணம் முற்றிலும் பிழையானது. தொல்காப்பியர் உரியியலைத் தொடங்கும்போதே, உரிச்சொல் தோன்றும் இடங்களாக இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றைக் கூறுகின்றார். அவற்றுள்ளும் இசையையே முதலில் வைக்கின்றார். கிளவியாக்கத்தில் இரட்டைக்கிளவிக்கெனத் தனி நூற்பா வகுத்து, அஃது இரட்டித்த நிலையினின்று பிரிந்து பொருள் தராது என்கின்றார். இடையியலில் 'என' என்னும் சொல் எவ்வெவற்றொடு சேரும் என்று எண்ணுமிடத்தும் இசையை விடாமல் எண்ணுகின்றார். எழுத்ததிகாரத்தின் முடிவை ஒட்டியும், குறிப்பிலும் பண்பிலும் இசையிலும் தோன்றும் சொற்கள் பொதுவான புணர்ச்சி நெறிக்குள் அடங்கா என்று அவற்றுக்குத் தனியிடம் தருகின்றார். மொழியின் பெருநூலை யாத்த ஆசிரியர் நான்கிடத்தில் நின்று நோக்கிய சொற்களை, அவர் வழிவந்தோம் என்று பெருமை பேசும் நாம் திரும்பியும் பாராமற் போவது முறையாகுமா?

'பாம்பு பாம்பு' என்பது அடுக்குத்தொடர். அதனைப் பிரித்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கும். 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. அதனைப் பிரித்து 'நீர் சல ஓடியது' என்றால் தமிழ்ச்செவி ஏற்காது. இவ்வேறுபாட்டைப் பள்ளியில் எல்லாரும் படிக்கிறோம். இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறக்கிறோம். இதன் உள்ளே எத்துணைப் பெரிய ஒழுங்கு அமைந்து கிடக்கிறது என்பதைப் படிப்பிப்பாரும் இல்லை, படிப்பாரும் இல்லை.

அவ்வொழுங்கைச் சிறிது பார்ப்போம். 'மடமட' என்று குடித்தான் என்றால் தொடர்ந்து குடித்தான். 'மடக்'கென்று குடித்தான் என்றால் ஒரே விழுங்காகக் குடித்தான். 'படபட'வெனச் சிறகடித்தது தொடர்ச்சி. 'படக்'கென மூடியது ஒரே அடி. 'நறநற'வெனப் பல்லைக் கடித்தல் தொடர்ச்சி. 'நறுக்'கெனக் கடித்தல் ஒருமுறை. இனி, 'பளபள'வென மின்னுவது நின்று மின்னுவது; 'பளீர்' என மின்னுவது திடுமென வெடித்து மின்னுவது. 'குபுகுபு'வென நீர் வருவது வேறு. 'குபீர்' எனப் பாய்வது வேறு. 'கணகண'வென மணி அடிப்பது வேறு. 'கணீர்' என ஒலிப்பது வேறு. ஆக, இரட்டிப்பு தொடர்ச்சியைக் காட்டுகிறது. 'க்' என்னும் முடிவு ஒரே வெட்டில் முடிந்த செயலைக் காட்டுகிறது. 'ஈர்' என்னும் முடிவு திடுமெனப் பொங்கும் நிகழ்ச்சியைக் காட்டுகிறது. எந்த நூலிலும் படியாத சிற்றூர்க் குழந்தை மூன்று அகவையில் இம்மூன்றையும் பிழையின்றிக் கையாள்கிறது. இதனைக் கொச்சை என்பவர், கொச்சை என்னும் சொல்லுக்கே பொருள் அறியாதவர்.

எழுத்துகளின் தன்மையும் இங்கே புலப்படுகிறது. கடகட, தடதட, படபட, சடசட என வல்லின டகரம் வருமிடத்து மோதலும் தட்டலும் தோன்றுகின்றன. கரகர, சரசர, சொரசொர, நறநற, மொறுமொறு என ரகர றகரங்கள் வருமிடத்து உராய்வும் அரைப்பும் தோன்றுகின்றன. சலசல, கலகல, தளதள, வழவழ, கொழகொழ என ல, ள, ழ வருமிடத்து ஓட்டமும் நெகிழ்ச்சியும் வழுக்கலும் தோன்றுகின்றன. முணுமுணு, மினுமினு, நமநம என மெல்லினம் வருமிடத்து மென்மையும் அடக்கமும் தோன்றுகின்றன. இஃது எல்லாவிடத்தும் தவறாத நெறி என்று கூறவில்லை, விலக்குகள் உண்டு. ஆயினும், வல்லினம் மெல்லினம் இடையினம் என்று நம் முன்னோர் இட்ட பெயர்கள் ஏட்டளவில் இட்டவை அல்ல, செவியால் அளந்து இட்டவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மேலும், இச்சொற்கள் தனித்துக் கிடப்பவையும் அல்ல. 'சலசல' என்னும் ஒன்றினின்று சலசலத்தது, சலசலக்கும், சலசலப்பு என வினையும் எச்சமும் பெயரும் கிளைக்கின்றன. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்னும் பழமொழியில் சலசலப்பை எடுத்துவிட்டு 'ஓசைக்கு அஞ்சாது' என்று போட்டுப் பாருங்கள். பனங்காடும் போயிற்று, நரியும் போயிற்று! 'கூ' என்னும் ஒலியினின்று கூவு, கூவல், கூச்சல், கூக்குரல், கூப்பிடு, கூகை எனக் குடும்பமே பெருகியது. அழைத்தால் கேட்கும் எல்லையைக் 'கூப்பிடு தொலைவு' என்று அளவையாகவும் கொண்டனர் நம் மக்கள். கிலுகிலுவென ஒலிப்பதனைக் கிலுகிலுப்பை என்றனர்; காய்ந்த காயினுள் விதைகள் அவ்வாறே ஒலிக்கும் செடிக்கும் அப்பெயரையே இட்டனர். குடுகுடுவென முழங்குவது குடுகுடுப்பை. காலிற் சிறு மணிகள் ஒலிப்பது கிண்கிணி. ஓயாமற் குக்குறுக்கும் பறவை குக்குறுவான். பெயரிடும் கலையில் நம் முன்னோர்க்குச் செவியே முதல் ஆசான்.

மொழிஞாயிறு பாவாணர் மொழித்தோற்றத்தை ஆராய்ந்தபோது, ஒப்பொலிகளையும் குறிப்பொலிகளையும் வாய்ச்செய்கை ஒலிகளையும் தனித்தனி வகைப்படுத்திக் காட்டினார். அவற்றுள் வாய்ச்செய்கை ஒலி என்பது மிக நுட்பமானது. 'கவ்வு' என்னும்போது வாய் கவ்வுகிறது. சொல்லும் செயலும் ஒரே உறுப்பில் ஒன்றாகின்றன. இத்தகைய கருத்துகளை 'நாட்டுப்புறக் கற்பனை' என்று எள்ளிய பேராசிரியர்கள் நம்மிடையே இருந்தனர். ஆனால் மேலை நாட்டு உளவியலார் 1929-ஆம் ஆண்டிலேயே இவ்வழியில் ஆய்வைத் தொடங்கிவிட்டனர். கோலர் என்பார் வளைந்த உருவம் ஒன்றையும் கூரிய உருவம் ஒன்றையும் காட்டி, பொருளில்லாத இரண்டு சொற்களுள் எது எதற்குப் பொருந்தும் என்று வினவினார். 2001-ஆம் ஆண்டில், தமிழரான இராமச்சந்திரன் அவ்வாய்வைப் புதுப்பித்து, 'பூபா', 'கிக்கி' என்னும் சொற்களை அமெரிக்க மாணவரிடமும் தமிழ் பேசுவோரிடமும் கொடுத்துப் பார்த்தார். மிகப் பெரும்பாலோர் வளைந்ததைப் 'பூபா' என்றும் கூரியதைக் 'கிக்கி' என்றும் கூறினர். இதழ் குவிந்து உருளும் ஒலியை உருண்டையோடும், நா வெட்டி ஒலிக்கும் ஒலியைக் கூர்மையோடும் மாந்தமனம் இயல்பாகவே இணைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திக் கூறல் வேண்டும். ஒலிக்குறிப்புச் சொற்களை வைத்து மொழிவரலாறு பேசுவோர்க்கு எச்சரிக்கை மிகமிக வேண்டும். 'காக்கை' என்பது வடமொழியின் 'காக' என்பதினின்று வந்தது என்று கூறுவோர் இன்றும் உளர். தமிழன் வீட்டுக் கூரையில் அமர்ந்து காகாவெனக் கரையும் பறவைக்குப் பெயரிட, தமிழன் வேற்றுமொழியின் வாயிலில் நின்று இரக்க வேண்டுமா? இது நகைப்பிற்கு இடமான கூற்றே. ஆனால் அதே அளவுகோல் நமக்கும் உரியது. ஆங்கிலத்தின் 'குரோ', இலத்தீனின் 'கார்வசு' ஆகியவை தமிழின் 'கரை' என்பதினின்று பிறந்தவை என்று நம்மவர் சிலர் எழுதுகின்றனர். அங்கும் அப்பறவை கரைகிறது. அங்கும் செவி உண்டு. குயிலின் குரலைக் கேட்டுக் கிரேக்கனும் இலத்தீனனும் ஆங்கிலேயனும் ககரம் கொண்டே பெயரிட்டனர். தமிழனும் குயில் என்றான். ஒரே ஒலியைக் கேட்ட பலர் ஒத்த பெயரிட்டால் அதனாலேயே ஒருவர் மற்றவரிடம் கடன்பட்டார் என்பது ஆகாது. பிறர் செய்யும் பிழையை நாம் திருப்பிச் செய்தால், நம் மெய்யான சான்றுகளும் மதிப்பிழந்து போகும். சொல்லின் உரிமையைக் காட்டுவது, தனியொலியின் ஒப்புமை அன்று; அதனினின்று அம்மொழிக்குள்ளேயே கிளைத்து நிற்கும் குடும்பம். கூவு, கூச்சல், கூப்பிடு என்னும் குடும்பம் நம்மிடம் உள்ளது, அதுவே போதும்.

ஒலி ஒன்றாயினும் செவி ஒன்றன்று என்பதையும் மறத்தலாகாது. உலகெங்கும் சேவலுக்குத் தொண்டை ஒன்றே. தமிழன் அதனைக் 'கொக்கரக்கோ' என்று கேட்டான். பிரஞ்சுக்காரன் 'கொக்கொரிக்கோ' என்றான். சப்பானியன் 'கொக்கெக்கொக்கோ' என்றான். ஆங்கிலேயனோ 'காக்-அ-டூடுல்-டூ' என்றான். இயற்கையின் ஒலி ஒவ்வொரு மொழியின் எழுத்து வாயிலின் வழியாகவே உள்ளே நுழைகிறது. நுழையும்போது அம்மொழியின் உடையை உடுத்துக்கொள்கிறது. ஆகலின், ஒரு மக்களினத்தின் ஒலிக்குறிப்புச் சொற்கள் அவ்வினத்தின் செவியின் வரலாறு. அவற்றை இழந்த இனம், தன் காதால் கேட்பதை விட்டுப் பிறர் காதால் கேட்கத் தொடங்கிவிட்டது என்க.

அவ்விழப்பு இன்று நம் கண்முன்னரே நிகழ்கின்றது. குழந்தைகளுக்கான படக்கதைகளைப் பாருங்கள். பானை உடைந்தால் 'கிராசு', வெடி வெடித்தால் 'பேங்', மணி அடித்தால் 'டிங்-டாங்'. கதையைத் தமிழாக்கியவர், ஒலியைத் தமிழாக்க மறந்துவிட்டார்; அன்றி, ஒலிக்குத் தமிழ் உண்டு என்பதையே அறியாராயினார். நாய் 'வள்'ளென்று குரைத்த வீட்டில் இன்று 'பவ்-பவ்' என்று குரைக்கிறது. நாய் மாறவில்லை, குழந்தையின் செவி மாற்றப்பட்டது.

இன்னும் பெரிய கேடு மருத்துவமனையில் நிகழ்கிறது. நோயுற்ற தமிழ்த்தாய் மருத்துவரிடம் என்ன கூறுகிறாள்? "கட்டி விண்விண் எனத் தெறிக்கிறது, விலாவில் சுருக்கெனக் குத்துகிறது, தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை மதமதத்துக் கிடக்கிறது, தொண்டை கரகரக்கிறது, வயிறு கடமுடாவென்கிறது." ஏழு தொடர்களில் ஏழு வேறு நோய்நிலைகள் உள. ஆங்கில வழியிற் கற்று, நகரத்தில் வளர்ந்து, தாய்மொழியை வீட்டிலும் பேசாத இளைய மருத்துவர் அவற்றுட் பலவற்றை 'வலி' என்னும் ஒரே சொல்லாகக் குறித்துக்கொள்கிறார். விண்விண் எனத் தெறிப்பது வேறு, சுருக்கெனக் குத்துவது வேறு என்பதை அவர் வினவுவதுமில்லை; தாய்க்கு அதற்கு மேல் விளக்கத் தெரிவதுமில்லை. அவள் ஏற்கெனவே நூல் பிடித்தாற்போல் தெளிவாகத்தான் கூறினாள். கேட்டவர்க்குத்தான் மொழி இல்லை.

இது மிகைப்படுத்திக் கூறுவதன்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் மெல்சாக்கு என்பார், நோயாளிகள் தம் வலியைக் கூறும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, 1975-ஆம் ஆண்டில் வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். வலி என்று பொதுவாகக் கூறுவது மருத்துவத்திற்குப் போதாது, அது துடிக்கும் வலியா, பாயும் வலியா, குத்தும் வலியா, எரியும் வலியா என்று அறிதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தம் மொழியின் எளிய மக்கட்சொற்களை அவர்கள் மருத்துவக் கருவியாக்கிக் கொண்டனர். நாமோ நம் சொற்களைக் கொச்சையென்று குப்பையில் வீசுகிறோம். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்கரான மருத்துவர் சாமுவேல் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவர்க்குத் தோன்றிய உண்மை, இம்மண்ணிற் பிறந்தோர்க்குத் தோன்றாமற் போயிற்று! மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க வேண்டும் என்று நாம் கேட்பது வெறும் மொழிப்பற்றால் அன்று; நோயாளியின் சொல் மருத்துவரின் செவிக்குச் சேர வேண்டும் என்பதனாலும் ஆகும்.

சொல்லாக்கத் துறையினர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கணிப்பொறி வந்தபோது, 'கிளிக்' என்னும் ஆங்கில ஒலிக்குறிப்பை நம்மவர் 'சொடுக்கு' என்று தமிழாக்கினர். விரலைச் சொடுக்கும்போது எழும் ஒலி நம் செவிக்கு இயல்பானது. ஆங்கில ஒலிச்சொல்லுக்குத் தமிழ் ஒலிச்சொல்லே விடையாயிற்று. அச்சொல் யார் வாயிலும் இடறவில்லை. அகரமுதலியைப் புரட்டி நான்கு சொற்களைக் கோத்து நீட்டிய ஆக்கங்கள் பல ஏட்டிலேயே உறங்க, செவியினின்று பிறந்த இவ்வொரு சொல் எளிதிற் பரவியது. புதுச்சொல் படைப்போர் இனியேனும் ஒருமுறை கண்ணை மூடிக் காதைத் திறந்து வைக்கட்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் அகரமுதலி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, 'கலகலெனல்' முதலான ஒலிக்குறிப்புகள் பலவற்றுக்கு இடம் கொடுத்தது. பாவாணரைத் தலைவராகக் கொண்டு 1974-இல் தொடங்கப்பெற்ற சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதன்மடலம் 1985-இல் வெளிவந்தது. 2011-இல் பணி நிறைவுற்றது. எமனோ என்னும் அமெரிக்க மொழியறிஞர் 1969-இல் இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். இவ்வளவும் நடந்த பின்னும், ஏட்டில் ஏறாத சொற்கள் ஊர்தோறும் எஞ்சியே உள்ளன. கவலை ஏற்றத்தின் கிறீச்சொலி, செக்கின் முனகல், கைத்தறியின் 'தடக்தடக்' ஆகியவை ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. கருவி ஓய்ந்தால் ஒலி ஓயும். ஒலி ஓய்ந்தால் அதனைக் கேட்டறிந்த தலைமுறையோடு சொல்லும் மண்ணுக்குள் போகும்.

ஆகலின், அன்பர்களே, நாம் செய்ய வேண்டியவை சில உள. ஒன்று: உங்கள் ஊரின் முதியோரிடம் அமர்ந்து, மழை, நீர், தீ, காற்று, ஆடுமாடு, பறவை, கருவி, சமையல், நோய் எனத் தலைப்பிட்டு ஒலிக்குறிப்புச் சொற்களைத் திரட்டுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், சொன்னவர் சொன்ன தொடரை முழுமையாக எழுதி, ஊர்ப்பெயரையும் குறியுங்கள். தொடரின்றி இச்சொற்கள் பொருள் விளங்கா. இரண்டு: ஆசிரியராக உள்ளோர், மாணவர் கட்டுரையில் இச்சொற்களை அடிக்காதீர்கள், பொருத்தமாக எழுதியவனுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள். மூன்று: குழந்தைகளுக்குக் கதை எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும், ஒலியையும் தமிழாக்கிய பின்னரே தம் பணி முடிந்ததாகக் கொள்ளட்டும். நான்கு: தமிழ்ப்பற்றுள்ள மருத்துவர்கள் ஒன்றுகூடி, நோயாளிகள் கூறும் வலிச்சொற்களைத் தொகுத்து, எச்சொல் எந்நிலையைக் குறிக்கிறது என்று ஆய்ந்து வெளியிடட்டும். இவ்வொன்றைச் செய்தாலே, தமிழுக்கு மட்டுமன்றித் தமிழர் உயிருக்கும் செய்த தொண்டாகும்.

இவற்றுள் எதற்கும் அரசாணை வேண்டியதில்லை, பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் பொறுமையுள்ள செவியும் போதும். சங்கப் பாடல்களை ஓலையினின்று மீட்டெடுக்க நம் முன்னோர் ஊரூராய் அலைந்தனர். இச்சொற்களோ ஓலையிலும் இல்லை. நம் பாட்டிமாரின் நாவில் மட்டுமே உள்ளன. ஓலை கரையானுக்குத் தப்பியும் சில நூற்றாண்டு இருக்கும்; நாவுக்கு அவ்வளவு தவணை இல்லை. இன்றே தொடங்குங்கள்.